ருமானாவுக்கு நற்சான்று

மழலைப் பேச்சை அறிவியல் முறைப்படி சோதித்த முதல் தமிழர் சபை என்ற பெருமை பாரிஸுக்குக் கிடைக்கவில்லை, லண்டனுக்கும் கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டு மே மாதம், யாங்கோனில், லத்தா பேட்டையின் நெரிசலான தெரு ஒன்றின் மூன்றாம் மாடிக்குக் கிடைத்தது.

முழுக் காரணம் சபைச் செயலாளர் ஆபித். ஊரார் மரியாதையாக 'ஊ ஆபித்' என்பார்கள். கப்பல் உத்தியோகத்தில் ஈரான் வரை போனவர். பார்சி பேசும் பிள்ளைகளின் உச்சரிப்பைச் சோதிக்கும் நாற்பது பட அட்டைகளை அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். பார்சி எழுத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டியதும் அது தமிழ்ப் பரீட்சை ஆகிவிட்டது. அறிவியலுக்கு மொழி ஏது?

ஜஸீலாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஐந்து வயது மகள் ருமானாவுக்கு 'க' வராது. கடையைத் 'தடை' என்பாள், காக்காவைத் 'தாத்தா' என்பாள். ஜூனில் பள்ளி திறக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இப்போதே அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். 'குறை உண்டு' என்று சபை சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா பார்ப்பார். அந்தச் சீட்டுக்காகத்தான் ஜஸீலா வந்திருந்தாள்.

பெரியவர் முன் நிற்கும் ஊர் வழக்கப்படி ருமானா கை கட்டித் தலை குனிந்து நின்றாள். ஊ ஆபித் முதல் அட்டையைத் தூக்கினார்.

"இது என்னம்மா?"

"மாதுளை!" என்றான் ஜமால். பெரியவர் கேட்டால் பிள்ளைக்காகத் தகப்பன் பதில் சொல்வதுதானே மரியாதை?

"சரி." ருமானாவின் பெயருக்கு நேரே ஒரு மதிப்பெண் விழுந்தது. "இது?"

"டீ கொதிக்கிற அண்டா."

"சமோவார். இருந்தாலும் அண்டா ஏற்கப்படுகிறது."

"ஏங்க, புள்ள சொல்லட்டுமே!" என்றாள் ஜஸீலா.

"அவ வெக்கப்படுறா. என் மகதானே, என் நாக்குத்தானே அவளுக்கும்?"

"பரம்பரை ஆதாரம்," என்று ஊ ஆபித் குறித்துக்கொண்டார்.

அடுத்தது கிளி. ஜஸீலா ஓரடி முன்னால் வந்தாள். "சாச்சா, இந்த ஒண்ணையாவது அவகிட்டயே கேளுங்க. இதுதான் அவளுக்கு வராது."

"பரீட்சை நடக்கறப்ப வேற ஆளு குறுக்க பேசப்படாதும்மா. விதி இருக்கு."

"கிளி!" என்று கணீரென்று சொன்னான் ஜமால்.

நாற்பதுக்கு முப்பத்தொன்பது. பனி மூடிய மலையை ஜமால் உப்பளம் என்றதில் ஒன்று போயிற்று. ஊ ஆபித் எழுந்து நின்று முடிவை வாசித்தார்: "ருமானா, வயது ஐந்து. உச்சரிப்பு மிகத் தெளிவு. குரல் மட்டும் வயதுக்குச் சற்றே கனம். சிகிச்சை தேவையில்லை."

முத்திரை விழுந்தது. சபை கை தட்டியது. ஜமாலின் கண்கள் பெருமையில் கலங்கின. ஜஸீலாவுக்கும் கலங்கின, அது ஆத்திரம்.

படி இறங்கும்போது ஜமால் மகளைத் தூக்கிக் கொஞ்சினான். "முப்பத்தொம்பது மார்க்கு! எல்லாத்துக்கும் எப்டிம்மா பதில் சொன்ன?"

ருமானா கட்டியிருந்த கையை அப்போதுதான் பிரித்தாள்.

"அத்தா, என்னைய யாருமே தேள்வி தேத்தலியே!"