ரகம் பெண் பார்க்கப் போன கதை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரகத்திடம் மாட்டாமல் தப்பிய ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, லாரிக்காரர்கள் எல்லாருக்கும் அவர் 'ரகம்'தான்.

வேலை, நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில். லாரி ஏறி நின்றதும் எடை பார்த்துச் சீட்டு கொடுத்தால் போதும். ரகத்துக்கு அது போதாது. "நீ இன்னா ரகம்?" என்று டிரைவரைக் கேட்பார். மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எடுக்கிறவர்கள் முதல் ரகம்: நெல் விளைவிக்கிறவர், பழவேற்காட்டில் மீன் பிடிக்கிறவர். எடுத்ததை வேறொன்றாக மாற்றுகிறவர்கள் இரண்டாம் ரகம்: இரும்பு உருக்குகிறவர், டயர் செய்கிறவர். பொருள் எதுவும் செய்யாமல் பிறருக்கு உழைக்கிறவர்கள் மூன்றாம் ரகம்: டிரைவர், நர்ஸ், முடிதிருத்துகிறவர். ஒன்றும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவர்கள் நாலாம் ரகம்.

கோயில் குருக்களையும் சர்ச் பாஸ்டரையும் மூன்றாம் ரகத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. பக்கெட் கம்பெனியில் கணக்கு எழுதும் என்னை நாலில் தள்ளியிருந்தார். மூன்றுக்கு ஏற்றச் சொல்லி தீபாவளிக்கு அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொத்தத்தையும் தின்று முடித்துவிட்டு, "இதைச் சுட்ட உங்க ஊட்டுக்காரம்மா ரெண்டாம் ரகம். நீ நாலுதான் நைனா" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

எடை விஷயத்தில் அவர் இன்னும் மோசம். தர்பூசணி லாரி ஒன்று மேடையேறியபோது, டிரைவரை இறக்கினார், கிளீனரை இறக்கினார், சீட்டில் கிடந்த தலையணையை இறக்கினார். கடைசியில் பழத்தின்மேல் உட்கார்ந்திருந்த காக்கையை விரட்டிவிட்டுத்தான் எடை பார்த்தார். கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை ஊரே கேட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணம் அவ்வளவு சுலபத்தில் நடக்குமா? போன இடத்திலெல்லாம் பெண் வீட்டாரை ரகம் பிரித்துவிட்டு வெறும் காபியோடு திரும்பினார். காது ஓரம் நரைத்த பிறகு, திருவாலங்காட்டில் ஒரு நர்ஸ் பெண் அமைகிற மாதிரி இருந்தது. அவள் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு, லாரி வராத நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் போச்சுன்னா நா அவ்ளோதான்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண் பார்க்கப் போகும்போது நானும் தரகரும் கூடப் போனோம். மாப்பிள்ளை கம்பெனி சூப்பர்வைசர் என்று சொல்லப்போவதாகத் தரகர் வழியெல்லாம் பாடம் நடத்தினார். ரகம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

பெண்ணின் அப்பா நெல் விவசாயி. மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். தரகர் வாயைத் திறப்பதற்குள் ரகம் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க நெல்லு விளைவிக்கறீங்க, மொத ரகம். உங்க பொண்ணு நோயாளியப் பாத்துக்குது, மூணாம் ரகம். நா எடைமேடையில உக்காந்துக்கினு, அடுத்தவன் செஞ்சது எவ்ளோன்னு சொல்றேன். சொந்தமா ஒண்ணையும் உண்டு பண்ணலை. நா நாலாம் ரகங்க."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. தரகரின் கால் செருப்பைத் தேட ஆரம்பித்தது. நான் தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டேன், இனி எப்படியும் கிடைக்காது.

உள்வாசலில் நின்றிருந்த பெண் அப்போதுதான் பேசினாள்.

"நைனா, ஒவ்வொரு அறுப்புக்கும் நம்ம நெல்லை எடையில ஏமாத்திட்டாங்கன்னு பொலம்பிக்கினு வருவியே. தன் எடையையே கூட்டிச் சொல்லாத ஆளு, நம்ம எடையையா கொறைப்பாரு? இவரு நாலு இல்ல, மூணு. எனக்குப் பக்கத்துல."

பெரியவர் ரகத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு தட்டு பஜ்ஜி வந்தது. உலகத்தையே பிரித்துவைத்த மனிதர், தன்னை ஒருத்தி இடம் மாற்றி உட்கார வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரயிலில் திரும்பும்போது என் தோளில் கை போட்டு, "எடை சொல்ற நானே மூணுன்னா, கணக்கு சொல்ற நீயும் மூணுதான்பா" என்றார். அதிரசத்தால் முடியாதது கல்யாணத்தால் முடிந்தது.

எடை போட என் ஸ்கூட்டரில் எந்தச் சரக்கும் இருப்பதில்லை. வீட்டுக்கும் அது சுற்றுவழி. ஆனாலும் தினமும் எடைமேடைப் பக்கம் போய் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். பார்க்காத நாள் எனக்கு எடை குறைந்த நாள்.