வண்டி மூன்று மணி நேரம் லேட்

சகலை என்று ஒருவன் இல்லாத மனிதன் பாதி முனிவன். எனக்கு வாய்த்தவன் முரளி, என் மனைவி கல்யாணியின் தங்கை வீட்டுக்காரன். நாங்கள் இருந்த அதே கல்கத்தாவில், ஜாதவ்பூரில் இருந்தான். சிகரெட் கிடையாது, குரலை உயர்த்திப் பேச மாட்டான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் அவன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

எதற்கெடுத்தாலும் அதைக் கேட்பான். இந்த வாரம் என்ன காய், எந்த மினிபஸ்ஸில் போனால் உட்கார இடம் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு வைத்திருந்தான். "சின்ன மாப்பிள்ளை கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் கத்தரிக்காயே வாங்குகிறாராம்" என்று திருச்சியிலிருந்து மாமனார் மெச்சி எழுதுவார். எனக்கு வயிறு பற்றி எரியும். (நானும் எத்தனையோ வருஷமாகக் கத்தரிக்காய் வாங்குகிறவன்தான். ஒரு வரி எழுதினாரா?)

ஆகவே லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. டிவி இருந்த மேஜையில் அது உட்கார்ந்தது, டிவி சமையலறைக்குப் போனது. கல்யாணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மாமனார் கல்கத்தா வருவதாக எழுதினார். வழக்கமாக மூத்த மாப்பிள்ளையான என் வீட்டுக்குத்தான் முதலில் வருவார். அவர் அரைத்துக் கொண்டுவரும் காபிப்பொடியும் எங்கள் வீட்டில்தான் முதலில் பிரியும். இந்த முறை கடிதத்தின் கடைசி வரி வேறாக இருந்தது: "ஸ்டேஷனுக்கு யார் வருகிறீர்களோ, அவர்கள் வீட்டுக்கே முதலில் வருகிறேன்."

எனக்கு அது போர் முரசாகக் கேட்டது.

சென்னை வண்டி ஹவுராவுக்கு மதியம் ஒரு மணிக்கு வர வேண்டும். ஆனால் சமீபமாக அது வரவேண்டிய நேரத்துக்கு வந்ததே இல்லை. என் ஆபீசில் மித்ரா-தா (வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணன்) தினமும் ஹவுரா ஸ்டேஷன் வழியாக வீட்டுக்குப் போகிறவர். வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று விசாரித்து வரச் சொன்னேன். பதினைந்து நாள் பாவம், குறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "கேனோ?" என்று ஒரே ஒரு முறை காரணம் கேட்டார். நான் மர்மமாகச் சிரித்தேன்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சராசரி தாமதம் மூன்று மணி நேரம் என்று வந்தது. ஆக, நாலு மணிக்குப் போனால் போதும்.

"என்கொயரிக்கு ஒரு போன் போட்டா சொல்லிருவாங்கல்ல?" என்றாள் கல்யாணி.

"அவன் குத்துமதிப்பா சொல்வான். இது கணக்கு!"

இதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் முரளிக்குத் தெரியாத வெற்றி என்ன வெற்றி? போன் செய்து சொல்லிவிட்டேன்.

"பதினஞ்சு நாள் சராசரியா அண்ணா? பிரமாதம்! என் கம்ப்யூட்டர் ரிப்பேர்ல கிடக்கு. அப்ப நானும் நாலு மணிக்கே வந்துடறேன்" என்றான். அவன் வாயால் 'பிரமாதம்'! அந்த மயக்கத்திலேயே, மூன்றே முக்காலுக்குப் போய் அவனை முந்துவது என்று முடிவு செய்தேன்.

மூன்றே முக்காலுக்குப் பிளாட்பாரம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கூலிக்காரரிடம் கேட்டேன்.

"வோ தோ கப் கா ஆ கயா, பாபு!"

எப்போதோ வந்துவிட்டதாம். நான் தலையில் கை வைத்து நிற்கும்போது, ஃபிளாஸ்க்கோடு முரளி ஓடி வந்தான். "மாமா எங்க அண்ணா?"

இருவரும் டாக்ஸி பிடித்து என் வீட்டுக்கு ஓடினோம். மாமனார் நாற்காலியில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள, வாங்க. வண்டி லேட்டா?"

நான் சட்டைப்பையில் இருந்த கணக்குக் காகிதத்தை உள்ளே அழுத்தினேன்.

"தண்டவாள வேலை நேத்தோட முடிஞ்சிருச்சாம். டாண்ணு ஒரு மணிக்குக் கொண்டாந்து விட்டுட்டான்" என்றார். பிறகு ஆரம்பித்தார். அவரோடு பெட்டியில் வந்த ஓர் அம்மாவை அழைத்துப்போக அந்த அம்மாவின் மாப்பிள்ளை வந்திருக்கிறார். ஹவுராவில் ஏதோ ஒர்க்ஷாப்பில் வேலை. மாமனார் தனியாக நிற்பதைப் பார்த்து அரைமணி நேரம் கூடவே நின்று, தன் வீடு ஹவுராவில் பக்கத்திலேயே இருந்தும் ஆற்றைத் தாண்டிக் கல்கத்தாவுக்குள் இவரைக் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார்.

"எப்படித் தம்பி சரியா வந்தீங்கன்னு கேட்டேன். 'ஒரு மணிக்குன்னு போட்டிருந்தாங்க, வந்தேன்'னாரு. மாப்பிள்ளைன்னா அவர் மாப்பிள்ளை!"

"காபி போடலியா?" என்று கல்யாணியிடம் பேச்சை மாற்றினேன்.

"பொடிய அப்பா அவருக்குக் குடுத்துட்டாரு. ரெண்டு பாக்கெட்டையும்" என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் "கணக்கு போட்டுட்டு வந்தீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. மாமனார் ஒவ்வொரு முறையும் மூன்று பாக்கெட் காபிப்பொடி கொண்டுவருகிறார். எனக்கும் முரளிக்கும் ஆளுக்கு அரைக் கிலோ. ஹவுராக்காரருக்கு ஒரு கிலோ, அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது நாங்கள் இருவரும்தான். படகில் போகும்போது நானும் முரளியும் இப்போது அண்ணன் தம்பி மாதிரி. அந்த மனிதரைப் பற்றி வயிறெரிய எங்களுக்கு வேறு துணை இல்லை.