கிரேஸ் கல்யாணத்துக்கு எஸ்தர் பக்கம்

கம்ப்யூட்டர் காட்டும் எச்சரிக்கையை முழுசாகப் படித்துவிட்டு 'சரி' அழுத்துகிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் படித்ததில்லை. மற்றவர்களுக்கு அதனால் ஒரு கோப்பு போகும், மிஞ்சிப் போனால் ஒரு நாள் வேலை போகும். நான் ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் அப்போது சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். (சிஸ்டம் என்றால் பில் மெஷின், கேமரா, முதலாளி பேரனின் வீடியோ கேம் எல்லாம் சேர்த்தி.) கல்யாணப் பட்டு எடுக்க வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். பெண்கள் புடவை பார்த்து முடிக்கும்வரை ஆண்களுக்கு வேலை இல்லை. அவர்களுக்காக இலவச வைஃபை வைத்திருந்தோம். போனை இணைத்ததும் ஒரு பக்கம் திறக்கும். அதில் போன் நம்பரைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் நெட் ஓடும். அந்தப் பக்கத்தில் அன்றைக்கு வரும் ஜோடியின் பெயரைப் பூமாலையோடு போடுவது என் யோசனை. புடவை எடுத்து முடித்ததும் ஜோடியைக் கடையிலேயே படம் பிடித்து, நுழைந்ததும் வரும் அடுத்த பக்கத்தில் மாட்டிவிடுவேன். முதலாளிக்கு இதில் ஏகப்பட்ட பெருமை.

வைஃபையைக் கட்டி மேய்க்கும் பெட்டி, வேன் கூட்டம் வந்தாலே திணறியது. "நெட்டு சுத்திகினே கீது, பேஜாரா கீதுப்பா" என்று முதலாளி தினமும் புலம்ப, ஒரு நாள் காலை அதன் மென்பொருளைப் புதுப்பித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பெட்டியை விற்ற வேலூர் இன்ஜினியர் போனில், நாமே செய்த பக்கங்கள் புதுப்பித்தால் அழிந்துவிடும், முதலில் வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று ஆரம்பித்தார். "தெரியும் சார்" என்று பாதியில் வைத்தேன். பெட்டியும் அதையே திரையில் சொன்னது. அதற்கும் 'சரி' அழுத்தினேன்.

பெட்டி புத்தம் புதிதாக எழுந்தது. பூமாலை போன இடம் தெரியவில்லை. கம்பெனிக்காரன் கொடுத்த வெள்ளைப் பக்கம் மட்டும் மொட்டையாக நின்றது.

அன்றைய கல்யாணப் பெண் கிரேஸ். தேசூரிலிருந்து கிளம்பிய அவர் வீட்டு வேன் ஊருக்குள் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை கண்ணமங்கலம் ஜெபராஜ், பள்ளி ஆசிரியர். பக்கம் இல்லாமல் முதலாளி முகத்தில் விழிப்பதில்லை என்று வைராக்கியமாக லேப்டாப்பைக் குடைந்தேன். பக்கங்களை மாப்பிள்ளை பெயரில்தான் சேமிப்பேன். எங்கள் கடையில் ஆர்டரே அப்படித்தான் எழுதுவார்கள். 'ஜெபராஜ், கண்ணமங்கலம்' என்று அடித்ததும் ஒரு கோப்பு வந்தது. நகல் எடுத்து வைத்திருக்கிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏற்றினேன். பொத்தான் வேலை செய்யவில்லை. புதிய மென்பொருளுக்குப் பழைய பக்கத்தின் பாஷை புரியவில்லை. விடுவேனா? வியர்க்க வியர்க்க ஒவ்வொரு வரியாகத் திருத்தி, பொத்தானை ஓட வைத்தேன். பொத்தானைப் பார்த்தேனே தவிர, பூமாலைக்குள் இருந்த பெயரைப் பார்க்கவில்லை.

கிரிக்கெட் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்த கிரேஸின் தாய்மாமன்தான் முதலில் போனை இணைத்தார்.

"ஜெபராஜ், எஸ்தர், நல்வரவு" என்று சத்தமாகப் படித்தார். அப்புறம் தலையைத் தூக்கி, "எஸ்தர் யாருங்க?" என்றார்.

சர்ச்சுக்கான வெள்ளைப் பட்டு பாதி விரிந்தபடி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஜெபராஜின் முகம் அதைவிட வெளுத்தது. எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. போன வருடம் இதே ஜெபராஜ் வேறொரு பெண்ணோடு வந்து பட்டு எடுத்தார். நான் ஏற்றியது அந்த ஜோடியின் பக்கம். அந்தக் கல்யாணம் நின்றுபோனது. பெண் வீட்டுக்கு இது தெரியாது என்பதை அந்த முகமே சொல்லிவிட்டது.

காப்பாற்றியே தீருவது என்று முன்னால் பாய்ந்தேன். அது சும்மா சாம்பிள் பெயர், எல்லா ஜோடிக்கும் முதலில் எஸ்தர்தான் வரும் என்று அளந்தேன். முதலாளியும் தலையாட்டினார். தாய்மாமன் நம்பிவிட்டு நம்பரைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். நான் உயிரைக் கொடுத்துச் சரிசெய்த பொத்தான், பிரமாதமாக வேலை செய்தது.

அடுத்த பக்கத்தில் ஜெபராஜும் எஸ்தரும் மெரூன் பட்டைப் பிடித்தபடி சிரித்தார்கள். ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

கிரேஸ் போனை வாங்கிப் பார்த்தார். வேன் கிளம்பிவிடும் என்றுதான் நினைத்தேன். அவர் ஜெபராஜைப் பார்த்து, "ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

"அது நின்னு போச்சுங்க. சொன்னா இதுவும் நின்னுடும்னு பயம்."

பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் குரலை உயர்த்த, கிரேஸ் கை காட்டி அமர்த்தினார். "புடவைய மடிச்சி வைங்க. இவர் மொதல்ல எல்லாத்தையும் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் எடுக்கறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

கடையின் மூலையில், தலையணை உறை அடுக்கிய பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபராஜ் சொல்லி முடித்தார். நாங்கள் எல்லோரும் காது கேட்காதவர்கள்போல் புடவை மடித்தோம். எஸ்தருக்கு வேலை கிடைத்த ஊருக்கு இவர் போக மறுத்ததால் நின்ற கல்யாணம் அது. கிரேஸ் எழுந்து வந்து என்னிடம் கேட்டார்.

"அந்தப் பொடவை மெரூன்தானேண்ணா?"

"ஆமாங்க."

"அப்ப எனக்கு மெரூன் வேணாம். மயில் பச்சை காட்டச் சொல்லுங்க."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதலாளி என்னை அன்றைக்கு வேலையைவிட்டுத் தூக்கவில்லை. பக்கங்களைப் பெண் பெயரில் சேமிக்கும்படி உத்தரவு போட்டதோடு விட்டார்.

கதை மட்டும் கடையோடு நிற்கவில்லை, தேசூர் தாண்டிப் போனது. சில வருடம் கழித்து எனக்கே கல்யாணம் நிச்சயமாகி, பெண் வீட்டார் பட்டு எடுக்க எங்கள் கடைக்கே வந்தார்கள். ஒருவரும் புடவையைத் தொடவில்லை. மாமியார் உட்பட எல்லோரும் முதலில் போனை எடுத்து வைஃபையை இணைத்தார்கள். பூமாலைக்குள் என் வருங்கால மனைவியின் பெயர் சரியாகத்தான் இருந்தது. அவள் அதை நம்பவில்லை. பொத்தானை அழுத்தி அடுத்த பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தாள்.