நூறு சதவீதத்துக்கு எத்தனை சட்டை?

இந்த வீட்டில் இனி தன் பேச்சுதான் நடக்கும் என்று அப்பா ஞாயிற்றுக்கிழமை காலை அறிவித்தார். அம்மா குளிக்கப் போன நேரமாகப் பார்த்துத்தான் அறிவித்தார்.

போன மாதம்கூட அம்மா துணி வாங்கி வரச் சொன்னதும், எதற்கு என்று கேட்காமல் ஓடிப்போய் வாங்கி வந்த மனிதர் அவர்.

விஷயம் இதுதான். தங்கையை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் அரசுப் பள்ளிகள் மூன்று. அப்பா அலுவலக எழுத்தர். கோடு போடாத தாளில் அவருக்குக் கையெழுத்தே வராது. கெட்டித் தாளில் பெரிதாக ஓர் அட்டவணை போட்டு, அம்மாவின் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டினார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி: பெரிய பள்ளி நூறு சதவீதம். பாலத்துப் பள்ளி தொண்ணூற்றொன்று. தெருமுனைப் பள்ளி எண்பத்து மூன்று.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே படித்தாள்.

“அழகா இருக்குங்க. இன்னும் ஒரு கட்டம் போடுங்களேன்.”

“என்ன கட்டம்?”

“ஒன்பதாவதுல எத்தனை பேர் இருந்தாங்க, அதுல எத்தனை பேர் பத்தாவது எழுதினாங்கன்னு.”

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

மூன்று பள்ளிக்கும் சீருடை தைப்பது அம்மாதான். அளவு நோட்டைப் புரட்டினாள்.

“பெரிய பள்ளி. ஒன்பதாவதுக்குத் தொண்ணூறு பேருக்குத் தைச்சேன். அதே பிள்ளைங்க பத்தாவது வந்தப்ப ஐம்பத்தெட்டு.”

“மத்தவங்களுக்குப் பழைய சட்டையே பத்தியிருக்கும்!”

“முப்பத்திரண்டு பிள்ளைங்களும் ஒரு வருஷமா வளரவே இல்லையாக்கும்?”

அப்பா பேனாவை மூடித் திறந்தார்.

“தெருமுனைப் பள்ளி. ஒன்பதாவதுக்கு நாற்பது. பத்தாவதுக்கு நாற்பத்தேழு. அந்த ஏழு பேர் எங்கிருந்து வந்தாங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். பார்க்கத்தானே வேண்டும்? அந்த ஏழில் ஒன்று நான்.

எனக்குக் கணக்கு வராது என்று தெரிந்ததும் பெரிய பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து வழியனுப்பியது. அவர்களுடைய நூறு சதவீதத்துக்கு என்னாலான உதவி அது. ‘தூரம் அதிகம், அதான் மாத்திட்டோம்’ என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். தெருமுனைப் பள்ளிக் கணக்கு டீச்சர் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னோடு மல்லுக்கட்டினார். நாற்பத்தொரு மார்க்கில் தேறினேன். இந்த வருஷம் பள்ளியையே முடித்துவிட்டேன். தங்கைக்கோ கணக்கு என்னைவிட மோசம்.

அம்மா இதில் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். எனக்கு எழுந்து கை தட்டலாம் போல இருந்தது.

“எதுக்கும் நாளைக்கு எங்க மேலாளர்கிட்ட அட்டவணையைக் காட்டிக் கேட்டுட்டுத்தான் முடிவு” என்றார் அப்பா, மீசை இறங்காமல்.

மறுநாள் காலை சுவரில் அட்டவணை இல்லை.

“என் அட்டவணை எங்கே?”

“கெட்டித் தாளா இருந்துதுங்க. பாப்பா சட்டைக்கு அளவு வெட்ட எடுத்துக்கிட்டேன்.”

“அந்த நூறு சதவீதம்?”

“அது காலர்.”

மேஜைமேல் நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டை, தெருமுனைப் பள்ளியின் சீருடை, இஸ்திரி போட்டு மடித்தபடி இருந்தது. அப்பா அதைத் தூக்கிப் பிடித்து உறுமினார்.

“அப்போ எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணியாச்சு! என்னை ஒரு வார்த்தை கேட்காம இந்தத் துணியை எப்ப வாங்கினே?”

“நான் எங்கங்க வாங்கினேன்? போன மாசம் நீங்கதானே ஓடிப்போய் வாங்கிட்டு வந்தீங்க!”