விறாந்தையில் கட்டிய வெள்ளை

“அண்ணா, உன்ர தலைக்குப் பின்னால நெல்லு மூட்டை தெரியுது.”

“தெரிஞ்சா என்னடி? களவெடுத்த நெல்லோ?”

“அதைக் கொழும்புக்காரரிட்டச் சொல்லு.”

பத்து மணிக்குக் கூட்டம். இப்போது ஒன்பது இருபது. கிருசாந்தன் பரந்தனில் வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறான். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் திட்டுவார்கள், இவன் மன்னிப்புக் கேட்பான். அதுதான் வேலை. ஆறு மாதத் தற்காலிகம் இன்றோடு முடிகிறது. ஐந்து பேரில் இரண்டு பேரைத்தான் நிரந்தரமாக்குவார்களாம். இத்தனை நாளும் கமராவை மூடி வைத்தே காலத்தை ஓட்டிய பிள்ளைக்கு, இன்று கமரா கட்டாயம் என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. நேற்றிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் சிரித்துப் பழகுகிறான், பாவம்.

“தன்னம்பிக்கையாத் தெரியோணும், அவ்வளவுதான்,” என்றாள் தங்கை தாட்சாயினி. யூடியூப்பில் மூன்று வீடியோ பார்த்துவிட்டாள். இனி அவளை யார் பிடிப்பது?

முதலில் கணினியிலேயே ஓர் அலுவலகப் படத்தைப் பின்னணியாகப் போட்டார்கள். கிருசாந்தன் தலையைத் திருப்பினால் இடது காது காணாமல் போனது.

“ஒரு காதுள்ளவனுக்கு ரெலிபோன் வேலை ஆரடி தருவினம்?”

“சரி, விறாந்தைக்கு வா. சிக்னலும் அங்கதான் எடுக்கும்.”

விறாந்தையில் இருந்தால் பின்னால் ஆட்டுக்கொட்டில் தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போயிருந்தது வசதியாகப் போயிற்று. தாட்சாயினி அலுமாரியைத் திறந்து அப்பாவின் நாலு வேட்டியையும் எடுத்து வந்தாள். பின்னால் ஒன்று, பக்கங்களில் இரண்டு. கூரை ஓட்டைக்குள்ளால் வெயில் மூக்கில் விழுந்ததால் மேலேயும் ஒன்று.

“இப்ப பார், சோக்கான வெளிச்சம்!”

அடுத்தது, கமரா கண்ணுக்கு நேரே இருக்க வேண்டுமாம். மேசையோ பதிவு, உயரம் காணாது. சனசமூக நிலையத்துக்கு ஓடி, ஆறு பிளாஸ்ரிக் கதிரைகளைச் சைக்கிளில் கட்டி உருட்டி வந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கதிரைகளில் லப்டொப் ஏறியது.

பக்கத்து வீட்டு வானொலியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. தாட்சாயினி வேலிக்கு ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது.

“மாமா... எங்கட வீட்டில இண்டைக்கு... பாட்டை நிப்பாட்டுறியளோ?”

மயில்வாகனம் மாமா அவளைப் பார்த்தார். விறாந்தையைப் பார்த்தார். ஒன்றுமே கேட்காமல் வானொலியை நிறுத்தி, மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டார். என்ன நல்ல மனுசன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் தொடங்கியது. மற்ற நான்கு பேரும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசி முடித்தார்கள்.

“கிருசாந்தன், உங்களப் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்லுங்க,” என்றார் முகாமையாளர் நிரோசினி.

“சிரி. ஆடாத. கமராவைப் பார்,” என்று வேட்டிக்குப் பின்னால் தங்கை கிசுகிசுத்தாள்.

சிரித்தான். ஆடவில்லை. கமராவைப் பார்த்தான். வாயில்தான் ஒரு சொல்லும் வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான்.

அந்த நேரம் பார்த்து வாசல் படலையில் ஒரு குரல் வெடித்தது.

“ஐயோ என்ர ராசா! போயிட்டியே! ஒருத்தரையும் கடிஞ்சு பேசாத வாயெல்லோ! ஆர் ஏசினாலும் சிரிச்ச முகமெல்லோ! உன்ர பொறுமை இனி ஆருக்கு வரும்! இது போற வயசோ ராசா!”

ஒப்பாரிக்குப் பேர்போன தங்கம்மா மாமி! வெள்ளை கட்டி, கதிரை இறக்கி, பக்கத்து வீட்டுப் பாட்டும் நின்றால் எங்கள் பக்கத்தில் அது செத்த வீடு. மயில்வாகனம் மாமா சைக்கிளில் போனது ஊருக்குச் செய்தி சொல்லத்தான் என்று தாட்சாயினிக்கு இப்போதுதான் உறைத்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு படலைக்கு ஓடினாள். ஆனால் தங்கம்மா மாமி தொடங்கினால் தொடங்கினதுதான்.

“கிருசாந்தன், யாரு அது? யாரப் பத்தி அழுறாங்க?” என்று கேட்டார் நிரோசினி.

கிருசாந்தன் படலைப் பக்கம் காதைக் கொடுத்தான். ஏச்சு வாங்கிச் சிரிக்கிற வாய் இந்த ஊரில் வேறு யாருக்கு? தான் செத்தால் ஊர் இப்படியா அழும்? தன்னை ஒரு ஆளாக யாரும் கவனித்ததே இல்லை என்றல்லவா இருபத்தாறு வருடமாக நினைத்திருந்தான்!

“என்னைப் பற்றித்தான் மிஸ்,” என்றான். குரல் கணீரென்று வந்தது. “வெள்ளை கட்டியிருக்கிறதைப் பாத்திட்டு நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டா. ஆனா அவா சொல்லுறது உண்மை. ஒரு நாளைக்கு நாப்பது பேர் என்னை ஏசுவினம். ஒருத்தரையும் நான் திருப்பி ஏசினதில்லை.”

திரையில் ஐந்து சதுரங்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. அவன் நிறுத்தவில்லை. இரண்டு நிமிடம் ஏழு நிமிடமானது.

“இந்த மாதிரி சிபாரிசு எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல,” என்று நிரோசினி கண்ணைத் துடைத்தார். “கடிதம் இன்னைக்கே அனுப்புறேன். நீங்க நிரந்தரம்.”

வேட்டியை விலக்கிக்கொண்டு பாய்ந்து போய், முற்றத்தில் குந்தியிருந்த தங்கம்மா மாமியின் இரண்டு கையையும் பிடித்தான் கிருசாந்தன். அவன் கண்ணிலும் நீர்.

“மாமி, என்னைப் பற்றி இவ்வளவு நினைச்சிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே!”

மாமி மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன்னைப் பற்றியோ? ஆர் செத்தது எண்டு நான் இன்னும் கேக்கவேயில்லையே, தம்பி!”