திறப்பு அங்கிளும் வங்காளச் சுரையும்

எனக்கு எழுத வராது. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குள் போனதெல்லாம் தும்புத்தடியும் வாளியும் கொண்டுதான். சிட்னியில் லிட்கம் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் கனகாலமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னால் நடந்தது பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் மறதியில்லாமல் சொல்வேன். வாக்குக் கொடுப்பதில் எங்கள் திறப்பு அங்கிளை வெல்ல இந்த அவுஸ்திரேலியாவில் ஆள் இல்லை. மற்றவர்கள் யோசித்துவிட்டு வாக்குக் கொடுப்பார்கள். அவர் கொடுத்துவிட்டு யோசிப்பார். சில வேளை யோசிக்கவும் மாட்டார்.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பு ஆள். காலையில் கதவு திறப்பது, குழாய் திருத்துவது, பல்பு மாற்றுவது, கூரையில் ஏறிப் பந்து எடுப்பது எல்லாம் அவர் வேலை. ஊரில் இருந்தபோது யாழ்ப்பாணப் பட்டினத்துத் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். இடுப்பில் ஒரு வளையம் தொங்கும், அதில் நாற்பது ஐம்பது திறப்புகள், அதாவது சாவிகள். ஒன்றிலும் இலக்கம் இல்லை, அடையாளம் இல்லை. அதனால்தான் திறப்பு அங்கிள். சொந்தப் பெயர் அவருடைய சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நானும் அவரை அங்கிள் என்றேன், அவர் என்னை அக்கா என்றார். இது என்ன முறை என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் பள்ளி அதிபர் ஒவ்வொரு திறப்பிலும் பெயர் எழுதி ஒட்டச் சொன்னார். பெயர் ஏற்கெனவே வைத்தாயிற்று என்று அங்கிள் சொல்லிவிட்டு வந்தார். என்ன பெயர் என்று நான் கேட்டேன்.

"இது பெரியப்பா, அக்கா. விளையாட்டுச் சாமான் அறை. அவசரப்படுத்தினால் கோவம் வரும், ஆறுதலாத் திருப்ப வேணும். இது மச்சாள். புத்தக அறை. ரெண்டு தரம் கெஞ்சினால்தான் திறப்பாள்."

"இந்த வளைஞ்சு போனது?"

"அது என்ர மருமோன். ஒரு கதவுக்கும் உதவாது. அதுக்காகக் கழட்டி எறியேலுமோ?"

வாக்குக் கதைக்கு வருகிறேன். ஒரு வருடம் பள்ளிக் கூரைக்குள் பொசம் என்கிற இந்த நாட்டு மரவிலங்கு ஒன்று வந்து குடியிருந்தது. பூனை அளவு இருக்கும். இந்த நாட்டில் அதை அடிக்கவும் கூடாது, பிடித்துக் கொண்டுபோய் விடவும் கூடாது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, "வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடும், நான் பொறுப்பு" என்று அங்கிள் வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு காலையும் ஏணியில் ஏறி, கூரை ஓட்டைக்குள் தலையை விட்டு அதோடு பேசினார்.

"இஞ்ச பார் ராசா, உனக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. ஆனா நான் சொல்லிப்போட்டன். என்ர மானத்தைக் காப்பாத்து."

வெள்ளிக்கிழமை பொசம் போய்விட்டது. நேரே அதிபரின் அறைக் கூரைக்கு. அதிபர் கூப்பிட்டுக் கேட்டதற்கு அங்கிள் சொன்ன பதில்: "போகும் எண்டுதான் சொன்னனான். எங்க போகும் எண்டு சொல்லேல்லை."

இன்னொரு முறை விளையாட்டுப் போட்டி நாளில் மழை பெய்யாது என்று முதலாம் வகுப்புக்கு வாக்குக் கொடுத்தார். கொட்டு கொட்டென்று கொட்டியது. மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், மழைக்காகத் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. வாக்குத் தவறினால் அவருக்குச் சோறு இறங்காது. சிரிக்கிற விஷயம்தான், ஆனால் அது விளையாட்டில்லை.

இனி அந்தச் சுரைக் கதை.

நான்காம் வகுப்பு மிஸ் ஸ்கொட்லாந்துக்காரி. அங்கே படிப்பித்த காலத்திலேயே பங்களாதேசில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு தன் வகுப்பை இணைத்து வைத்திருந்தவர். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கடிதம் எழுதுவார்கள், படம் கீறி அனுப்புவார்கள், கொம்பியூட்டரில் முகம் பார்த்துக் கதைப்பார்கள். சிட்னிக்கு வேலை மாறி வந்தபோது அந்த உறவையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அவர் பேசும் இங்கிலீஷ் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பாதிதான் விளங்கும். வங்காளத்துப் பிள்ளைகளுக்கு முழுவதும் விளங்கியது. பழக்கம்.

அந்த வருடம் இரண்டு வகுப்பும் ஒரே விதையை நட்டு, கொடி எத்தனை அடி போகிறது என்று அளந்து சொல்வதாக ஏற்பாடு. வங்காளத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு சுரை விதையைத் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து, சின்னத் தாளில் மடித்து, மேலே தங்கள் பெயரை எழுதி அனுப்பினார்கள். கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. விதை வரவில்லை. வெளிநாட்டு விதையை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், அது சட்டம். அழித்துவிட்டோம் என்று ஒரு தாள் மட்டும் பெட்டிக்குள் இருந்தது.

அதை அடுத்த சந்திப்பில் பக்குவமாகச் சொல்ல மிஸ் நினைத்திருந்தார். இங்கே பகல் இரண்டு மணி, அங்கே காலை. நான் வேலைக்கு முந்தி வந்து வகுப்பு வாசலில் நின்றேன். திறப்பு அங்கிள் வகுப்பின் பின்பக்கம் ஏணியில் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். திரையில் முன்வரிசையில் நஸ்ரின் என்று ஒரு பிள்ளை, இரட்டைப் பின்னல். எழுந்து நின்று, பாடமாக்கி வந்த இங்கிலீஷில் கேட்டது: "எங்கள் விதை வந்ததா? முளைத்ததா?"

மிஸ் வாயைத் திறக்க முன்னம் ஏணியில் இருந்து குரல் வந்தது.

"யெஸ், யெஸ்! வந்திட்டுது! முளைச்சிட்டுது! ஐ ப்ரொமிஸ்!"

அங்கே ஒரு வகுப்பு முழுவதும் கை தட்டியது. இங்கே விதை வராதது தெரிந்த பிள்ளைகளும் சேர்ந்து கை தட்டினார்கள். மிஸ்ஸின் முகம் தக்காளி போல் ஆகிவிட்டது.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மிஸ் அவரைப் பிடித்துக்கொண்டார். "நான் பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை. நாங்கள் ஏமாற்றினோம் என்று அவர்களுக்கு வேறு வழியில் தெரிந்தால், இனி அந்தத் திரைக்கு முன்னால் வந்து உட்காரமாட்டார்கள். இத்தனை வருடத்து உறவு அதோடு போய்விடும். பள்ளித் தவணை முடிகிற கடைசிச் சந்திப்பில் உங்கள் வாயால் நீங்களே உண்மையைச் சொல்ல வேண்டும்."

"ஓம் மிஸ்" என்றவர் நேரே நான் வாளி வைக்கும் அறைக்கு வந்தார்.

"அக்கா, உங்களிட்ட சுரை விதை கிடக்கோ?"

"கிடக்கும். ஏன் அங்கிள்?"

"முளைச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டன். இன்னும் நடேல்லை."

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தனீங்களோ? பேர் எழுதி அனுப்பியிருக்குதுகள், அக்கா. பேர் எழுதின விதையை அழிச்சாச்சு எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒரு கொடியைக் காட்டிப்போட்டு உண்மையைச் சொன்னால் கொஞ்சம் குறையத்தானே நோகும்?"

அடுத்த நாள் என் வீட்டுக் குசினியில் இருந்த பழைய பால்மா டின்னில் தடவி நாலு விதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த டின்னுக்குள் எல்லா விதையும் கிடக்கும். கண்ணாடி போடாமல் எடுத்தேன்.

தபால் கந்தோர் மனிதருக்கு நட்டால் முளைக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சாமான் கொட்டிலுக்குப் பின்னால் நட்டார். முளைத்தது. பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் அளவு நாடாவும் கையுமாக வந்து நின்றார். அங்கே மூன்றடி என்றால் இங்கே நாலடி. அங்கே ஐந்தடி என்றால் இங்கே ஆறடி.

நட்டு மூன்றாம் கிழமை போல் நான் குப்பை கொட்டப் போன இடத்தில் இலையைப் பார்த்தேன். இலையில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. அது சுரை இல்லை. பூசணி.

சொல்ல வேண்டும் என்று போனேன்.

"அங்கிள், அந்த இலை..."

"பாத்தனீங்களே! யானைக் காது மாதிரி! எல்லாம் உங்கட கைராசி அக்கா!"

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை திரும்பவும் போனேன்.

"அங்கிள், சுரை எண்டால் இலை வந்து..."

"இலையை விடுங்கோ, நீளத்தைப் பாருங்கோ! நுனியில மருமோனைக் கட்டித் தொங்கவிட்டு அளந்தனான். அரை அடி கூடக் காட்டுது. அவனும் ஒருநாள் உதவினான்!"

மூன்றாம் தடவை நான் போகவில்லை. எனக்கு வெட்கம். ஆட்களுக்கு முன்னால் பேசவும் வெட்கம், பிழை என்னுடையது என்று சொல்லவும் வெட்கம். தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தேன்.

கடைசிச் சந்திப்பு வந்தது. வங்காளத்து வகுப்புத் தெரிகிற மிஸ்ஸின் டப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அங்கிள் கொட்டிலுக்குப் பின்னால் நடந்தார். பின்னால் மிஸ், பின்னால் பிள்ளைகள், கடைசியில் தும்புத்தடியோடு நான். முதலில் கொடியைக் காட்டுவது, பிறகு உண்மையைச் சொல்வது என்பது அவர் திட்டம். கொடியில் அன்றுதான் முதல் பூ. மதியமானபடியால் சுருங்கிப்போய் இருந்தது. ஆனாலும் மஞ்சள் மஞ்சள்தானே.

டப்லெட்டுக்குள் இருந்து ஒரே சிரிப்பு. சிட்னிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுக்குக் கொடி என்றால் கொடி. அங்கே இருந்த பிள்ளைகள் சுரைக் கொடிக்குக் கீழே தவழ்ந்து வளர்ந்தவர்கள். சுரைப் பூ வெள்ளை என்று அவர்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அந்தப் பள்ளி ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஐயா, அது பூசணி. எங்கள் பிள்ளைகளில் ஒருவரும் பூசணி விதை அனுப்பவில்லையே?"

நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கிள் கொடியைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் பிழை விட்டேன் என்று வாய் வரைதான் வந்தது.

அவர் டப்லெட்டை மிஸ்ஸிடம் கொடுத்தார். அந்தத் திரைக்கு எதிரே நேராக நின்றார். தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். "உங்கள் விதை எங்களிடம் வரவில்லை. எல்லையில் அழித்துவிட்டார்கள். நான் பொய் சொன்னேன். மிஸ் சொல்லவில்லை, பிள்ளைகள் சொல்லவில்லை. விதை தேடியது நான், நட்டது நான், பிழை முழுவதும் என்னுடையது." என் டின்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சொல்லிவிட்டுக் கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே மாற்றி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, தோப்புக்கரணம் போடத் தொடங்கினார்.

டப்லெட்டுக்குள் இருந்து ஒரு குரல் எண்ணியது. "ஏக்!" உடனே வகுப்பே சேர்ந்துகொண்டது. "துய்! தீன்! சார்!" காதைப் பிடித்து எழும்பி இருக்கிற தண்டனை அந்தப் பள்ளிக்கூடங்களிலும் உண்டாம். எங்கள் வாத்திமாரும் அவர்கள் வாத்திமாரும் ஒரே இடத்தில் படித்தவர்கள் போல. இங்கே பிள்ளைகள் இது ஏதோ விளையாட்டு என்று தாங்களும் காதைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பினார்கள். மிஸ் இது எங்கள் தேகப்பயிற்சி என்று நினைத்து, ஒரு கையால் டப்லெட்டையும் மறு கையால் தன் காதையும் பிடித்தபடி முறையில்லாமல் குந்தினார். படம் மேலும் கீழும் ஆடியது.

நஸ்ரின் ஏதோ கத்தியது. ஆசிரியர் மொழிபெயர்த்தார்: "முழங்கால் முழுவதும் மடிய வேண்டுமாம்."

"சரி அம்மா" என்று அங்கிள் முழுவதும் மடித்தார். அதோடு சரி. முழங்கால் பூட்டிக்கொண்டது. மனிதரால் எழும்ப முடியவில்லை. மிஸ் ஒரு கையைப் பிடிக்க, நான் தும்புத்தடியைப் போட்டுவிட்டு மற்றக் கையைப் பிடித்தேன். தூக்கும்போது "அங்கிள், நான் சொல்லுறன்" என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னார்: "பேசாமல் இருங்கோ அக்கா. முக்கால்வாசி முடிஞ்சுது."

டப்லெட்டுக்குள் நஸ்ரினும் இன்னும் நாலைந்து பேரும் தலையைக் கூட்டிக் கதைத்தார்கள். பிறகு நஸ்ரின் முன்னால் வந்து தன் மொழியில் தீர்ப்புச் சொன்னது. மன்னித்தாயிற்று. ஆனால் இந்தப் போட்டி செல்லாது, சுரையையும் பூசணியையும் வைத்து எப்படி அளப்பது? அதனால் தாங்களும் நாளைக்கே பூசணி நடப்போகிறார்கள். இந்தக் கொடியை ஒருவரும் பிடுங்கக் கூடாது. இனி அளவு நாடாவை அங்கிள் தொடக் கூடாது, பிள்ளைகள்தான் அளக்க வேண்டும்.

அங்கிள் வாயைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுக்கப் போகிறார் என்று மிஸ் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

அந்த இணைப்பு இன்றைக்கும் இருக்கிறது. அங்கிள் வேலையை விட்டுவிட்டு மெல்பேர்னில் பொயிண்ட் குக்கில் மகளோடு இருக்கிறார். விதை எங்கிருந்து வந்தது என்று மிஸ் பல தடவை கேட்டும் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

இதில் பிழைகள் இருக்கும். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளின் தாய் தகப்பன் யாராவது வாசித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, அன்று அவர் போட்ட தோப்புக்கரணம் ஏழா எட்டா என்பது எனக்கு நிச்சயமில்லை. அவரைக் கேட்டால் இருபத்தொன்று என்று சத்தியம் பண்ணுவார். அப்படியானால் இருபத்தொன்று என்றே போட்டுவிடுங்கள். எத்தனையாக இருந்தாலும் அத்தனையும் நான் போட்டிருக்க வேண்டியது.