என் இரண்டாம் பாதிக்காக ஒரு ஜெபம்

கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம் மட்டும் வாதாடவே முடியாது. சினிமாவில் நான் கற்ற ஒரே பாடம் இதுதான். (அதையும் லேட்டாகத்தான் கற்றேன்.)

முடிச்சூரில் மனை விற்று மேலே வந்தவர் ஜேக்கப் சார். எங்கள் சபைக்காரர். என் முதல் படத்தைத் தயாரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பலர் கைவிரித்த கதை. இவரும் விட்டால் ஊரப்பாக்கத்தில் மாமனாரின் ஹார்டுவேர் கடைதான் கதி. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டு ஹாலில் முழுக் கதையையும் நடித்தே காட்டினேன். குடிபோதையில் ஹீரோ மண்டபம் மாறிப்போய், வேறொருவன் கல்யாணத்தில் மாப்பிள்ளையாக உட்கார்ந்துவிடுவான். இரண்டாம் பாதி முழுக்க அந்தக் குளறுபடிதான். சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி டீச்சர், அவரே சிரித்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். (மடையன்.)

"சூப்பர் தம்பி! ஒரு சின்ன ஜெபம் பண்ணி ஆரம்பிச்சுடலாம்."

கண்ணை மூடினேன்.

"பரலோகப் பிதாவே, இந்தத் தம்பியை உம்ம சமுகத்துல வைக்கிறோம். நல்ல பிள்ளை. ஆனா அந்தக் குடி சீன் மட்டும் வேண்டாம்ப்பா. ஹீரோ மோர் குடிக்கிறவனா இருக்கட்டும்."

"ஆமென்" என்றேன். சண்டே ஸ்கூலில் வளர்ந்த வாய், மூளையைக் கேட்காது.

மோரா? மோர் குடித்தவன் எப்படி ஐயா மண்டபம் மாறுவான்? கேட்டுவிடத் துடித்தேன். அதற்குள், "க்ளைமாக்ஸ்ல எல்லாரும் மனந்திரும்பணும் ஆண்டவரே" என்று டீச்சரும் சேர்ந்துகொண்டார். ஜெபத்துக்கு நடுவே சண்டை போட்டால் சபையில் அம்மா தலைகாட்ட முடியாது. அதற்கும் ஆமென். ஹீரோயின் டான்ஸ் போனது. ஆமென். வில்லன் பாஸ்டரானான். ஆமென்.

கண் திறந்ததும், "சார், அந்த மோர்..." என்று இழுத்தேன்.

"ஆமென் சொல்லிட்டீங்களே தம்பி! மனுஷன்கிட்டயா சொன்னீங்க?"

படம் வந்தது. தியேட்டரில் ஒரு ஜீவன் சிரிக்கவில்லை. ஆனால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தாலும் இன்றும் அதைத்தான் போடுகிறார்கள். பிறகு நான் எடுத்த காமெடிப் படங்களுக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை ஒருவரும் பேசுவதில்லை. கடைத்தெருவில் பிள்ளைகள் "மோர் அங்கிள்!" என்று கத்தும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் இன்னும் மோசம். என் மகள் எதையும் என்னிடம் நேராகக் கேட்பதே இல்லை. சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"ஆண்டவரே, ஸ்கூட்டி வாங்கித் தர அப்பா மனசைத் தொடும்."

"ஸ்தோத்திரம்" என்கிறாள் என் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். பாழாய்ப்போன வாய் சொல்லிவிட்டது.

ஸ்கூட்டி போன வாரம் வந்தது.